தேர் திரும்பும் முக்கில் ஒரு பஸ்

பஸ்ஸின் இடது பின்சக்கரத்துக்கும் கோயில் மதிலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. முன்னால் வலது பக்கம், செல்லப்பா ஜவுளிக்கடையின் கருங்கல் படி. டிரைவர் ஜெபராஜ் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைவீதி மொட்டை மாடிகளில் எல்லாம் சனம். ஆனி மாதக் காற்று புழுதியை வாரி எல்லோர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது.

பின்சக்கரத்தின் அருகே நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊத வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. ஊத மனம் வரவில்லை.

"ரிவர்ஸ் எடுக்கட்டுமா சார்?" என்று ஜெபராஜ் தலையை நீட்டிக் கேட்டார்.

தேனியிலிருந்து சோதனை பார்க்க வந்திருந்த அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரிவர்ஸ் இல்லாம திரும்பணும்னுதானேங்க பேச்சு? கடைவீதியில பெரிய வண்டிய ரிவர்ஸ் எடுக்க யாரும் அனுமதிக்க மாட்டாங்க. எடுத்துட்டீங்கன்னா முடிஞ்சது."

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஒரு சாணைக் குனிந்து பார்த்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் முடிந்தது என்றால் முடிந்ததுதான். அன்றைக்கு அந்த முக்கில் பஸ் திரும்பாவிட்டால் எங்கள் ஊருக்குள் இனிமேல் பஸ்ஸே வராது.

எதற்காக ஒரு பஸ் திரும்புவதற்கு ஊரே மாடி ஏறி நின்றது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். ஜெபராஜ் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். பொறுமைசாலி.

ஆற்றைக் கடக்க முடியாதவர்கள் கட்டிய ஊர்

வளைகரை. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு நெடுகிலும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் முல்லையாறு, எங்கள் ஊரைக் கண்டதும் என்ன நினைத்ததோ, தெற்கே வந்து மோதி, கிழக்கே திரும்பி, பிறகு வடக்கே போகிறது. ஊருக்குத் தெற்கும் ஆறு, கிழக்கும் ஆறு. மேற்கே மட்டும்தான் மெயின் ரோடு. காலையில் சூரியன் மேகமலைக்குப் பின்னாலிருந்து வரும். சாயங்காலம் கேரள மலைக்குப் பின்னால் போகும். நடுவில் உள்ள வெயில் முழுக்க எங்களுக்கு.

ஆறு வளைகிற இடத்தில் அகலமும் அதிகம், ஆழமும் குறைவு. மேகமலைப் பக்கத்திலிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்கியவர்கள் அந்த இடத்தில்தான் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் கடக்க முடியாது. வடியும்வரை கரையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களுக்கு உப்பு விற்க ஒருவர் வந்தார், கயிறு விற்க ஒருவர் வந்தார், சந்தை வந்தது, கோயில் வந்தது. எங்கள் ஊரை எந்த ராசாவும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் இருக்கிற அலட்டிக்கொள்ளாத குணம் அங்கிருந்து வந்ததாகத்தான் நான் நினைக்கிறேன். தண்ணீர் வடியட்டும், பார்க்கலாம் என்கிற குணம்.

பிறகு மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். கோடையில் மணலாகக் கிடந்த ஆறு வருஷம் முழுக்க ஓடத் தொடங்கியது. ஒரு போகம் இரு போகமானது. வெற்றிலைக் கொடிக்கால், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் என்று ஊரைச் சுற்றிப் பச்சையாகிவிட்டது. கையில் காசு புழங்கியதும் எங்கள் ஆட்கள் முதலில் செய்த காரியம், தேரை உயரமாக்கியது. இரண்டாவது செய்த காரியம், கடைகளுக்கு முன்னால் படி கட்டியது.

இந்த இரண்டும்தான் இந்தக் கதை.

ஒரு நாள் மட்டும் அகலமாகும் தெரு

கோயிலைச் சுற்றி நான்கு தெரு. தெற்கே ஆத்தங்கரைத் தெரு. அகலமானது, தேர் நிற்பது அங்கேதான். மேற்கே கடைவீதி, குறுகல். இரண்டும் சேருகிற முக்குதான் நம் ஜெபராஜ் உட்கார்ந்திருக்கிற முக்கு.

எங்கள் ஊர்க் கடைப் படிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. எதையும் சிமெண்டு வைத்துப் பூச மாட்டார்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் கருங்கல் பலகையைச் சும்மா கிடத்தியிருப்பார்கள். பங்குனியில் தேர் இழுக்கிற அன்று காலையில் ஒவ்வொரு கடைக்காரரும் தன் படியைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். தெரு திடீரென்று அகலமாகிவிடும். "அடேயப்பா, நம்ம தெருவா இது" என்று வருஷா வருஷம் அதே ஆட்கள் அதே ஆச்சரியத்தோடு சொல்வார்கள். மறுநாள் காலையில் படிகள் மறுபடி தெருவுக்கு வந்துவிடும், போன வருஷத்தைவிட ஒரு விரல் கூடவே முன்னால்.

ஒரு படியை மட்டும் தேருக்கும் எடுப்பதில்லை. செல்லப்பா ஜவுளிக்கடைப் படி. கடைவீதியின் மேற்கு ஓரத்தில், முக்கை ஒட்டி இருப்பது. திரும்பும் தேர் அந்த ஓரத்தைத் தொடாது என்பதால், அவர் தாத்தா காலத்திலிருந்தே அது கிடந்த இடத்தில் கிடக்கிறது. அவருக்கு அதில் ஒரு பெருமை.

தேரைத் திருப்புவது பெரிய வித்தை. வடம் பிடிப்பவர்கள் இழுப்பார்கள். திருப்புவது கட்டை போடுகிறவர்கள். சக்கரத்தடியில் ஆப்புப் போன்ற கட்டையைச் சரியான நொடியில் போட்டு, சரியான நொடியில் உருவ வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு மாசாணம்தான் தலைவர். ஆளைப் பார்த்தால் சாதுவாக இருப்பார். தேரன்றைக்கு மட்டும் அவர் தொண்டை மலைக்குக் கேட்கும்.

பைபாஸ் வந்தது

நான் தேனி–கம்பம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது சலித்தே போயிருக்கும். "வீரபாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி, சின்னமனூர், வளைகரை, உத்தமபாளையம், கம்பம்" என்று ஒரே மூச்சில் கூவுவேன். வளைகரை என்கிற இடத்தில் மட்டும் குரல் தானாகவே கொஞ்சம் ஏறும். சொந்த ஊர் அல்லவா.

அப்போது பஸ் மெயின் ரோட்டிலிருந்து கடைவீதியில் இறங்கும். முக்கில் இடது பக்கம் ஒடித்து ஆத்தங்கரைத் தெருவில் நுழைந்து, கிழக்குக் கோடியில் ஆற்றோரம் இருக்கிற பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். முக்கில் ஒரு ரிவர்ஸ், ரெண்டு விசில், நாலு வசவு. குட்டை பஸ்கள், சமாளித்துவிட்டோம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு பஸ்கள் நீளமாயின. ஊருக்கு மேற்கே பைபாஸும் வந்தது. ஒவ்வொரு பஸ்ஸாக ஊருக்குள் வருவதை நிறுத்தியது. பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே ஒரு மரம்கூட இல்லை. பூக்கூடையோடு பெண்களும், புத்தகப் பையோடு பிள்ளைகளும் வெயிலில் ஊர்வரை நடந்தார்கள். ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தால்தான் ஏற முடியும்.

என் தங்கை ஈசுவரி பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கணவர் போன பிறகு அந்தக் கடையில்தான் மகனை வளர்த்தாள், படிக்க வைத்தாள், திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பினாள். பஸ் வராத பஸ் ஸ்டாண்டில் யார் இட்லி சாப்பிடுவார்கள்? மாவு ஆட்டுவதைப் பாதியாக்கினாள், அதிலும் பாதி மிஞ்சியது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, ஆடி பொறந்தா கடைய மூடிட்டுத் திருப்பூருக்குப் போயிருவம்னு இருக்கேன். மயன் வாவான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கான்."

"அங்கன போயி என்ன செய்வ?"

"சும்மா உக்காந்துருப்பேன். வேறென்ன?"

அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் இந்த ஊரில் அவளைவிட்டால் யாரும் இல்லை. காலையில் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டால்தான் எனக்குப் பொழுதே விடியும்.

அதனால்தான் ஊரைக் கூட்டினேன். மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், மறுபடி மனு கொடுத்தோம். கடைசியில் மேலே இருந்து ஒரு பதில் வந்தது. நீள பஸ் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு நாள் சோதித்துப் பார்ப்போம். ரிவர்ஸ் எடுக்காமல் முக்கில் திரும்பினால் எல்லா பஸ்ஸும் ஊருக்குள் வரும். திரும்பாவிட்டால் பைபாஸ் நிறுத்தம்தான், இனிமேல் மனு கொடுக்கக் கூடாது.

ஊருக்குக் குஷி தாங்கவில்லை. மாசாணம் மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க தேரு திரும்புற முக்குல ஒங்க பஸ்ஸு திரும்பாதாக்கும்? நாங்க திருப்பித் தாரோம்" என்றார். சோதனை நாள் காலையில், தேரன்றைக்கு எந்தெந்தப் படியை எடுப்போமோ அந்தந்தப் படியை எடுத்தோம். செல்லப்பாவிடம் கேட்டோம்.

"தேருக்கே எடுக்காத படிய பஸ்ஸுக்கு எடுக்கவா? நல்லாருக்கே ஒங்க ஞாயம்!"

மாசாணமும் அவர் பக்கம்தான். "தேருக்கு வேணாத எடம் பஸ்ஸுக்கு எதுக்குப்பா? விடு" என்றார். எங்கள் ஊருக்குத் தேர்தான் அளவு. தேர் திரும்பினால் உலகமே திரும்பும்.

அந்த நம்பிக்கையில்தான் ஜெபராஜ் மதிலுக்கும் படிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஊதிய விசில்

வேறு வழியில்லை. ஊதினேன். அந்த விசிலில் எத்தனையோ பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஊதியதுபோல் ஒருநாளும் கசந்ததில்லை. பஸ் மெல்ல மெல்லக் கடைவீதியில் பின்வாங்கி மெயின் ரோட்டுக்குப் போய் நின்றது. மாடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மாசாணம் தன் கட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஈசுவரி மட்டும் அதிகாரியையும் டிரைவரையும் கடைக்குக் கூட்டிப் போனாள். "ஊருக்கு வந்தவுக வெறும் வயித்தோட போகக் கூடாது. பஸ்ஸு திரும்பலன்னா இட்லியுமா திரும்பாது?" என்றாள். சட்னியை ஊற்றிக்கொண்டே, வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நின்ற மாசாணத்தைக் கூப்பிட்டாள்.

"ஏண்ணே, நீங்க என்னைக்காச்சும் தேரக் கடவீதியில இருந்து இங்கிட்டு இழுத்துட்டு வந்துருக்கீகளா?"

"அதெப்படி ஆத்தா? சாமி வலமாத்தான வரும். இங்கனருந்து போயி, முக்குல சோத்துக்கைப் பக்கம் திரும்பி, கடவீதியில ஏறும்."

"அப்ப பஸ்ஸ மட்டும் ஏன் எதுக்கால, எடப்பக்கமா இழுத்தீக?"

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். ஜெபராஜ் இட்லியைப் பாதி வாயில் வைத்தபடி நிமிர்ந்தார்.

"அக்கா சொல்றது சரிதேன்" என்றார் அவர், மென்று விழுங்கிவிட்டு. "எனக்கு செவுரு வலது பக்கம் இருந்தா, தலைய நீட்டி நானே பாத்துக்குவேன். எடது பக்கம் இருக்கதுக்குக் கண்ணாடியத்தான நம்பணும்? இந்தத் தெருவும் அகலமா இருக்கு. இங்கனருந்தே எடது ஓரமாப் போயி, நல்லா வீசித் திருப்பலாம்."

"அந்த ஜவுளிக்கடைப் படி?" என்று அதிகாரி கேட்டார்.

"அது அப்ப எதுக்கால ஓரத்துல போயிரும் சார். அந்தப் பக்கம் நமக்கு வேலையே இல்ல."

சாமி வருஷா வருஷம் இடமிருந்து வலமாகச் சுற்றிக் காட்டியிருக்கிறது. நாங்களும் தவறாமல் படி எடுத்து, படி போட்டு, அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு ஒரு காரணமும் உண்டு. அதைச் செல்லப்பாதான் சொன்னார்.

சுடுகாட்டு ரோடு

"பஸ்ஸு கெழக்கருந்து வரணும்னா எந்த வழியா வரும்? யோசிச்சீகளா?" என்றார் செல்லப்பா.

ஊருக்குக் கிழக்கிலிருந்து வர ஒரே ஒரு ரோடு. ஊருக்கு வடக்கே மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, ஆற்றோரமாகவே வந்து பஸ் ஸ்டாண்டில் முடியும். நல்ல தார் ரோடு, அகலமானதும்கூட. ஆனால் நடுவில் சுடுகாடு. எங்கள் ஊரில் அந்த ரோட்டில் போகிறவர்கள் நடந்து போவதில்லை.

"பொண்ணு பாக்க வர்றவுக, கல்யாணத்துக்கு வர்றவுக, புள்ளத்தாச்சி, எல்லாரும் சுடுகாட்டப் பாத்துக்கிட்டா ஊருக்குள்ள வருவாக? வெளங்குமா?" செல்லப்பா விடவில்லை. கூட்டத்தில் பல தலைகள் ஆமாம் என்று ஆடின. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு இதற்காகவா விடுவது?

ஈசுவரி கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

"ஏங்க, நாளைக்கு எப்படியும் அந்த ரோட்லதேன் போகப் போறோம். அப்ப நம்மளத் தூக்க நாலு பேரு வேணும். அதுக்கு முந்தி உசுரோட இருக்கப்பவே டிக்கெட் எடுத்து, ஜன்னலோரமா உக்காந்து ஒரு தடவ வந்து பாப்பமே. எடம் எப்புடி இருக்குன்னு தெரிஞ்சுக்கிரலாம்ல?"

முதலில் சிரித்தது அதிகாரிதான். பிறகு மாசாணம். பிறகு தெருவே சிரித்தது. செல்லப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"வண்டி எப்படியும் தேனிக்குப் போகத்தான் போகுது. போற வழியில ஒரு சுத்து சுத்திட்டுப் போகட்டும்" என்றார் அதிகாரி. "இதுதான் கடைசி."

வலத்த... வலத்த...

நான் பஸ்ஸில் ஏறிப் படிக்கட்டில் நின்றுகொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு படிக்கட்டில் நின்றது அன்றுதான். கால் தானாகவே பழைய இடத்தில் ஊன்றிக்கொண்டது. பஸ் மெயின் ரோட்டில் வடக்கே போய், ஆற்றோர ரோட்டில் இறங்கியது. ஒரு பக்கம் நாற்றுப் பச்சை, மறுபக்கம் ஆறு. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். கரை தொட்டு ஓடியது. இவ்வளவு அழகான ரோட்டை இத்தனை வருஷம் செத்தவர்களுக்கு மட்டும் கொடுத்திருக்கிறோமே என்று எனக்குக் கோபமே வந்தது.

சுடுகாட்டுக் கொட்டகை வந்தது. ஜெபராஜ் "ஸ்தோத்திரம்" என்றார். நான் நெஞ்சைத் தொட்டுக்கொண்டேன். கொட்டகை போய்விட்டது. அவ்வளவுதான் சங்கதி.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஆத்தங்கரைத் தெருவில் நுழைந்தபோது, தெரு இரண்டு பக்கமும் சனம் ஒதுங்கி நின்றிருந்தது. நடுவில் மாசாணம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கட்டை. எதற்கு என்று கேட்காதீர்கள். கட்டை இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. அவர் பின்னோக்கி நடந்தபடியே கூவ ஆரம்பித்தார், தேரன்றைக்குக் கூவுகிற அதே குரலில்.

"வா... வா... எடது ஓரத்தப் புடி... இன்னும் வா..."

ஜெபராஜ் இடது ஓரமாகவே வந்தார். வழக்கமாகப் படிகள் கிடக்கும் இடத்தின்மேலேயே சக்கரம் உருண்டது. முக்கு வந்தது.

"இப்ப வலத்த! வலத்த! வலத்த!"

ஸ்டியரிங் சுற்றியது. ஜெபராஜ் ஜன்னலில் தோள்வரை வெளியே வந்து மதிலைப் பார்த்தார். பஸ்ஸின் மூக்கு கடைவீதியைத் தேடித் திரும்பியது. நான் படிக்கட்டிலிருந்து இடது பக்கத்தைப் பார்த்தேன். செல்லப்பாவின் படி எட்டத்தில் கிடந்தது. படியின்மேல் செல்லப்பா நின்றிருந்தார், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு. வலது பின்சக்கரம் மதிலைக் கடக்கிறவரை யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

கடந்தது. ஒரு ஆள் தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் கடந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். அது தேருக்கு மட்டும் போடுகிற குலவை. மாசாணம் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பஸ்ஸின் முன்கண்ணாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் விசிலை எடுத்து, ஒன்றல்ல இரண்டு, போகலாம் என்று ஊதினேன். அப்படியே அழுதுவிட்டேன். வெட்கமே இல்லை எனக்கு. பஸ் ஒரு அடிகூடப் பின்வாங்காமல் கடைவீதி முழுக்க நடந்து மெயின் ரோடு ஏறியது.

அதிகாரி கீழே நின்றிருந்தார். "எழுதிக்கோங்க..." என்று பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் சொல்லத் தொடங்கியவர், "இல்ல, குடுங்க, இத நானே எழுதுறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

இப்போது

இப்போது எல்லா பஸ்ஸும் வருகிறது. கம்பத்திலிருந்து வருகிற வண்டி கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், வருகிறது. எடுத்த படிகளை மறுநாள் யாரும் தெருவில் திரும்பப் போடவில்லை. எங்கள் தெரு வருஷம் முழுக்கத் தேர்த் தெருவாகவே இருக்கிறது. செல்லப்பா படி மட்டும் அங்கேயே கிடக்கிறது. தன் படி மறித்ததால்தான் சரியான வழி கிடைத்தது என்று அவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். யாரும் மறுப்பதில்லை. சந்தோஷத்தில் இருக்கிற ஊருக்கு வாதாட நேரம் ஏது?

ஆடி பிறந்தது. ஈசுவரி மாவு ஆட்டுவதை இரட்டிப்பாக்கினாள். திருப்பூரிலிருந்து மகன்தான் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் பஸ்ஸை விட்டு இறங்கி, அவள் கடையில் சாப்பிட உட்கார்ந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு முகமே சரியில்லை. "என்னங்க இது, சுடுகாட்டு வழியாவா ஊருக்குள்ள பஸ் வருது?" என்று கேட்டார்.

ஈசுவரி இலையில் ஆவி பறக்கும் இட்லியை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எல்லா ஊர்லயும் அந்த வழியா வெளிய போவாக தாயி. எங்க ஊர்லதேன் உள்ள வாராக."